குருதியைக் கவ்வும் எஃகு: திருகோணமலையிலிருந்து ஒரு பார்வை

வளர்ந்த ஒருவரின் உடலில் ஓடும் குருதி ஏறத்தாழ 5 லீற்றர். அதில் 2 லீற்றர் வெளியேறிவிட்டால் உயிர் ஊசலாடத் தொடங்கும். தொடையில் ஓடும் பெரிய நாடி அறுந்தால் அந்த 2 லீற்றர் போய்விடச் சில நிமிடங்களே போதும். பேறுகாலத்தின் கடைசி வாரங்களில் கருப்பைக்கு நிமிடத்துக்கு அரை லீற்றருக்கும் மேலாகக் குருதி பாய்கிறது. பிள்ளை பிறந்த பின் அந்தக் கருப்பை சுருங்காமல் தளர்ந்து கிடந்தால் தாயைக் காப்பாற்றக் கிடைக்கும் நேரம் மிகவும் குறைவு. இந்தக் கணக்கை எதிர்த்து நிற்க மருத்துவம் கண்டெடுத்த கருவிகளில் ஒன்று ஒரு சாண் நீளம்கூட இல்லாதது. சத்திரசிகிச்சைக் கூடத்தில் ‘ஆட்டரி’ என்று சுருக்கமாகக் கேட்டால் தாதி கையில் வைப்பது அதைத்தான்: ஆட்டரி ஃபோர்செப்ஸ், நாடிக் கவ்வி.

பார்வைக்குக் கத்தரிக்கோல் மாதிரி இருக்கும். விரல் நுழைக்க இரண்டு வளையம், நடுவில் ஒரு மூட்டு, முனையில் வெட்டும் அலகுக்குப் பதிலாகக் குறுக்கு வரிகள் பதித்த இரண்டு தாடைகள். வளையங்களுக்கு அருகே சின்னச் சின்னப் பற்கள் கொண்ட ஒரு பூட்டு இருக்கிறது. அழுத்தினால் ஒவ்வொரு பல்லாக ஏறிப் பிடித்துக்கொள்ளும். கையை எடுத்தாலும் விடாது. இந்தப் பூட்டில்தான் கருவியின் முழு அர்த்தமும் இருக்கிறது. ஒரு நாடியைப் பிடித்த பிறகு வைத்தியரின் கை விடுதலையாகி அடுத்த நாடியைத் தேடப் போகலாம்.

இந்தக் கருவி எப்படி வந்தது, எதைச் செய்கிறது, எதைச் செய்யாது, திருகோணமலை போன்ற ஒரு துறைமுக மாவட்டத்தில் அதற்கு முன்னும் பின்னும் என்னென்ன இருந்தால் அது பயன்படும் என்பதே இக்கட்டுரையின் கேள்வி. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கவ்வி தருவது அவகாசம் மட்டுமே. காயம்பட்ட இடத்தில் அழுத்திப் பிடிக்கும் ஒரு கை அதற்கு முன்னால் வேண்டும். முடிச்சும் தையலும் குருதிக்கொடையும் பின்னால் வேண்டும். கடலும் களப்பும் ஊரை ஊரிலிருந்து பிரிக்கும் இந்த மாவட்டத்தில் மிகப் பெரிய இடைவெளி கவ்விக்கு முன்னால்தான் இருக்கிறது.

கப்பல் அடித்தட்டில்

1782 செப்டெம்பர் 3 அன்று திருகோணமலைக்கு வெளியே பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரனின் கப்பல்களும் பிரித்தானியத் தளபதி ஹியூஸின் கப்பல்களும் மோதின. இரு பக்கத்திலும் நூற்றுக்கணக்கானோர் காயப்பட்டனர். நீர்மட்டத்துக்குக் கீழே, விளக்கு வெளிச்சத்தில், கப்பல் வைத்தியர்கள் அவர்களை எதிர்கொண்டார்கள். அக்காலக் கப்பல் வைத்தியர் பெட்டியில் பூட்டுள்ள கவ்வி கிடையாது. 1718 இல் பாரிஸின் ஜோன் லூயி பெட்டி அறிமுகப்படுத்திய திருகு இறுக்குப்பட்டி இருந்தது. அதை அவயவத்தின் மேற்பகுதியில் கட்டித் திருகினால் குருதி நிற்கும். பிறகு வாள், கத்தி. வெட்டுமுகத்தில் துடிக்கும் நாடியை ஒரு கொக்கியால் இழுத்து, மெழுகு பூசிய நூலால் உதவியாளர் கட்டுவார். நூலின் நுனியை நறுக்க மாட்டார்கள். காயத்துக்கு வெளியே தொங்கவிடுவார்கள். நாடி அழுகி நூல் தானாகக் கழன்று வரும்வரை நாளும் மெல்ல இழுத்துப் பார்ப்பார்கள்.

இந்த முறை எவ்வளவு வேதனை தந்தது என்பதற்கு ஹொரேஷியோ நெல்சனைவிடத் தெளிவான சாட்சி இல்லை. சீஹார்ஸ் என்ற கப்பலில் இளம் மாலுமியாக 1770களின் நடுவில் கீழைக் கடல்களில் அலைந்தவர் அவர். திருகோணமலைத் துறைமுகத்துடன் அவர் பெயரைச் சேர்த்துச் சொல்லும் வழக்கம் இன்றும் உண்டு. 1797 ஜூலையில் டெனரீஃப் தீவின் சாந்தா குரூஸில் துப்பாக்கிக் குண்டு அவருடைய வலக்கையைச் சிதைத்தது. மயக்க மருந்து இல்லாத காலம். தீசியஸ் கப்பலில் வைத்தியர் தோமஸ் எஷெல்பி கையை வெட்டியெடுத்து நாடியைப் பட்டு நூலால் கட்டினார். உயிர் தப்பிவிட்டது. ஆனால் மாதக்கணக்கில் நெல்சனுக்குத் தூக்கமில்லை. நாடியோடு சேர்த்து நரம்பும் முடிச்சுக்குள் சிக்கிவிட்டது என்பதே பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம். டிசெம்பரில் அந்த நூல் கழன்று வந்த பின்னரே வலி தணிந்தது.

இதில் ஒரு வைத்தியரைக் குறைசொல்ல எதுவும் இல்லை. ஆடும் கப்பலில், அலறும் மனிதனில், குருதி நிறைந்த வெட்டுமுகத்தில் நாடியை மட்டும் தனியே பிரித்துப் பிடிக்க அன்று ஒரு கருவி இல்லை. மேற்கையின் நாடியும் கைவிரல்களை ஆளும் நடுநரம்பும் ஒட்டியே ஓடுபவை. இரண்டையும் பிரித்துப் பார்க்க வெளிச்சம், அசையாத உடல், நுனி கூரிய ஒரு கவ்வி ஆகிய மூன்றும் தேவை.

பழைய வழிகள்

குருதியை அடக்குவது கப்பல் வைத்தியர்கள் கண்டுபிடித்த கலை அல்ல. சுசுருத சங்கிதை நான்கு வழிகளைச் சொல்கிறது: துவர்ப்பு மருந்தால் காயத்தை ஒட்டவைத்தல், குளிர்ச்சியால் உறையவைத்தல், சாம்பலால் பக்குவப்படுத்தல், சூட்டுக்கோலால் சுடுதல். ஒன்று பலிக்காவிட்டால் அடுத்தது என்ற ஏறுவரிசையும் அதில் உண்டு. அதே நூல் 101 யந்திரங்களை எண்ணுகிறது. அவற்றில் 24 குறுக்காக மூட்டப்பட்டு விலங்கு, பறவைகளின் வாய் வடிவில் அமைந்த குறடுகள். ஆனால் அவை எலும்பில் தைத்த அம்பையும் முள்ளையும் பிடுங்கவே சொல்லப்பட்டன. குறடு கையில் இருந்தும், அதை நாடியின் மேல் வைத்துப் பூட்டும் எண்ணம் வரவில்லை.

சித்த மருத்துவத்தின் 32 புற மருத்துவ முறைகளில் கட்டு, சுட்டிகை, காரம், அறுவை ஆகியவை இருக்கின்றன. கட்டு அழுத்தம் தருகிறது, சுட்டிகை சுடுகிறது, காரம் திசுவைச் சுருக்குகிறது. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் இன்று சித்த மருத்துவம் பட்டப்படிப்பாகக் கற்பிக்கப்படுகிறது. இந்தப் புற மருத்துவ முறைகளில் எவை சிறு குருதிக்கசிவுக்கு உண்மையில் உதவுகின்றன, எவை புண்ணைக் கெடுக்கின்றன என்று முறையாக ஆராய இதைவிடப் பொருத்தமான இடம் நம் பகுதியில் இல்லை. பெரிய நாடி அறுந்த காயத்துக்கு இவற்றில் எதுவும் போதாது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

ஐரோப்பாவில் நிலைமை வேறாக இருந்ததில்லை. உரோமானியர் காலத்தில் செல்சஸ் நாடியை இரண்டு இடத்தில் கட்டி நடுவில் வெட்டச் சொன்னார். கோர்டோபாவில் அல்-சஹ்ராவி நாடி கட்டுவதை எழுதிவைத்தார். பிறகு அந்த அறிவு மங்கிச் சூட்டுக்கோல் ஆட்சி செய்தது. 1552 இல் டம்வில்லே முற்றுகையின்போது பிரெஞ்சுப் படை வைத்தியர் அம்புருவாஸ் பாரே கால் வெட்டிய காயத்தைச் சுடாமல் நாடியை இழுத்துக் கட்டினார். இழுக்க அவர் பயன்படுத்திய கருவிக்குக் காக்கை அலகு என்று பெயர். அது பிடிக்கும், ஆனால் பூட்டாது. பிடித்த கை பிடித்தபடியே இருக்க வேண்டும். பாரேக்குப் பிறகு முந்நூறு ஆண்டுகள் இந்த நிலையிலிருந்து பெரிதாக முன்னேறவில்லை.

பூட்டு வந்த காலம்

ஏன் முந்நூறு ஆண்டு? எஃகு இல்லாமலோ கொல்லர் இல்லாமலோ அல்ல. மயக்க மருந்து இல்லாததால். விழித்திருக்கும் நோயாளியின் காலை வெட்டும்போது வேகம் ஒன்றே கருணை. இலண்டனின் ரொபர்ட் லிஸ்டன் மூன்று நிமிடத்துக்குள் தொடையை வெட்டி முடிப்பவர் என்று பெயர் எடுத்தவர். அந்த வேகத்தில் ஒவ்வொரு நாடியாகத் தேடிக் கவ்வ யாருக்கு நேரம்? 1846 இல் ஈதரும் 1847 இல் குளோரோஃபோமும் வந்தன. நோயாளி உறங்கினார், வைத்தியருக்கு நேரம் கிடைத்தது. வயிற்றைத் திறந்து உள்ளே நின்று நிதானமாக வேலை செய்ய முடிந்தது. வயிற்றுக்குள் இறுக்குப்பட்டி கட்ட இடமில்லை. அங்கே கசியும் ஒவ்வொரு நாடியையும் தனித்தனியே அடக்கியாக வேண்டும்.

அந்தத் தேவையைக் கொண்டுவந்தவர்கள் பெண்கள். சூலகக் கட்டிகளால் வயிறு வீங்கி, மூச்சுமுட்டிச் செத்துக்கொண்டிருந்த பெண்கள். சூலகக் கட்டியை அகற்றும் சிகிச்சையில் பெயர்பெற்ற மூவரே நாடிக் கவ்விக்கும் உரிமை கோரினர்: ஸ்ட்ராஸ்பூர்க்கின் யூஜின் கோபர்லே, பாரிஸின் ஜூல் எமீல் பேயான், இலண்டனின் தோமஸ் ஸ்பென்சர் வெல்ஸ். முதல் இருவருக்கும் இடையே யார் முந்தி என்ற சண்டை நீண்டகாலம் நடந்தது. 1860களில் இருவருமே தனித்தனியாக இந்தப் பாதையில் வந்து சேர்ந்தார்கள் என்று கொள்வதே நியாயமாகப் படுகிறது. பாரிஸின் கருவிசெய்வோருக்கும் இதில் பங்குண்டு. பூட்டும் மூட்டும் அவர்கள் கைவேலை. ஆனால் கருவிக்கு வைத்தியர்களின் பெயர் மட்டுமே நின்றது. கொல்லனின் பெயர் எங்கும் நிற்பதில்லை என்பது என் மனக்குறை.

ஸ்பென்சர் வெல்ஸ் திருகோணமலைக்கு வந்தவரல்ல. என்றாலும் துறைமுக ஊர்க்காரர் அவரை நம்மவர் என்று கொள்ளக் காரணம் உண்டு. அவர் கடற்படை வைத்தியராகத் தொடங்கி மோல்ட்டாவின் கடற்படை வைத்தியசாலையில் ஆறு ஆண்டு பணியாற்றியவர். 1880 ஆம் ஆண்டளவில் ஆயிரம் சூலகச் சிகிச்சைகளை முடித்தவர். 1879 இல் அவர் திருத்தி வெளியிட்ட கவ்வியில் தாடைகள் குட்டையாகவும் வலுவாகவும் இருந்தன. வளையங்களுக்கு அருகே கைப்பிடிகள் நெருங்கி அமைந்ததால் குடலோ துணியோ இடையில் சிக்காது. இலங்கையின் வைத்தியசாலைகளில் இன்றும் ‘ஸ்பென்சர் வெல்ஸ்’ என்று கேட்டால் கையில் வந்துசேரும்.

1867 ஆம் ஆண்டைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அந்த ஆண்டில் ஜோசப் லிஸ்டர் கார்போலிக் அமிலத்தால் புண் அழுகாமல் காக்கும் முறையை வெளியிட்டார். ஜெர்மனியின் டுட்லிங்கனில் கொட்ஃபிரீட் ஜெட்டர் தொடங்கிய பட்டறை பின்னாளில் உலகமறிந்த சத்திரசிகிச்சைக் கருவித் தொழிற்சாலை ஆனது. அதே ஆண்டில் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் ‘இரணவைத்தியம்’ என்ற நூலை வெளியிட்டார். ட்ரூயிட்டின் ஆங்கிலச் சத்திரசிகிச்சை நூலின் தமிழ் வடிவம் அது. கிறீன் 1847 இல் இலங்கை வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர். 60க்கும் மேற்பட்ட வைத்தியர்களை இங்கேயே பயிற்றுவித்தார். அவர்களில் பலர் தமிழிலேயே படித்தவர்கள். பாரிஸில் கவ்வி இன்னும் பிறந்துகொண்டிருந்த நாட்களில் நாடி கட்டும் கலையைத் தமிழில் படிக்க முடிந்தது. அந்த வேகத்தை நாம் பிறகு எட்டவே இல்லை. இன்று சத்திரசிகிச்சைக் கூடக் கருவிகளைப் பற்றித் தமிழில் விரிவான கைநூல் தேடும் தாதி மாணவிக்குக் கிடைப்பது மிகக் கொஞ்சம்.

கவ்வியின் வேலை

கவ்வி நாடியை நசுக்கும்போது நாடிச் சுவரின் உட்படலம் உடைந்து உள்நோக்கிச் சுருள்கிறது. அந்த உடைந்த இடத்தில் குருதிச் சிறுதட்டுகள் ஒட்டி உறைவு தொடங்குகிறது. சிறிய நாடியாக இருந்தால் சில நிமிடம் கவ்வியை வைத்திருந்து எடுத்தாலே போதும், முடிச்சு வேண்டியதில்லை. பேயானும் வெல்ஸும் பெரிதும் போற்றியது இதைத்தான். முடிச்சு குறைந்தால் காயத்துக்குள் விடும் நூலும் குறையும், அழுகலும் குறையும். பெரிய நாடிக்கு முடிச்சு கட்டாயம். உதவியாளர் கவ்வியின் நுனி தெரியும்படி சரித்துக் காட்ட, வைத்தியர் நூலைச் சுற்றி முதல் முடிச்சை இறுக்க, அந்த நேரத்திலேயே கவ்வி மெல்லத் தளர வேண்டும். இரண்டு பேரின் கைகளும் ஒரே மூச்சில் இயங்காவிட்டால் நாடி நழுவி உள்ளே போய்விடும். வைத்தியப் பயிற்சியின் முதல் ஆண்டுகளில் திட்டு வாங்கித் தருவது பெரும்பாலும் இந்த இடமே.

வகைகள் பல. பேர்னின் தியோடோர் கொக்கர் முனையில் பல் வைத்த கவ்வியைத் தந்தார். வழுக்கும் தடித்த திசுவைப் பிடிக்க அது. தைரொயிட் சுரப்பியின் உடலியல், நோயியல், சத்திரசிகிச்சை ஆகியவற்றில் செய்த பணிக்காக 1909 இல் நோபல் பரிசு பெற்றவர் அவர். பல்ட்டிமோரின் வில்லியம் ஹால்ஸ்டெட் நுனி மெலிந்த ‘மொஸ்கிட்டோ’வைப் பரப்பினார். நாடியை மட்டும் கவ்வு, சுற்றியுள்ள சதையை விட்டுவிடு என்பது அவருடைய பாடம். நெல்சனின் நரம்பு எழுப்பிய கேள்விக்கு நூறு ஆண்டு கழித்து வந்த விடையாக அதை நான் பார்க்கிறேன்.

தவறாகப் பிடித்தால் கவ்வியே காயமாகிவிடும். குருதி தேங்கிய குழிக்குள் கண்மூடித்தனமாகக் கவ்வியை விட்டுப் பூட்டுவது சத்திரசிகிச்சையில் பெரிய பாவங்களில் ஒன்று. கருப்பை நாடிக்குக் கீழே சிறுநீர்க்குழாய் ஓடுகிறது. பித்தப்பை நாடிக்கு அருகே பித்தக்குழாய். இவற்றில் ஒன்றை நசுக்கினால் நோயாளி அந்த நாளில் பிழைத்துப் பிறகு ஆண்டுக்கணக்கில் துன்பப்படுவார். அனுபவமுள்ளவர்கள் முதலில் விரலால் அழுத்துவார்கள், உறிஞ்சித் துடைத்துப் பார்ப்பார்கள், கண்ணுக்குத் தெரிந்த பிறகே கவ்வியைக் கேட்பார்கள். கல்லீரல் கிழிந்தால் அதற்குள் செல்லும் குருதிக்கலன்களை விரலாலோ கவ்வியாலோ அமுக்கிப் பிடிக்கும் முறையை ஹோகார்த் பிரிங்கிள் 1908 இல் வெளியிட்டார். நூறு ஆண்டு கடந்தும் அது கைவிடப்படவில்லை.

நசுக்குவது எல்லா இடத்திலும் சரியா என்பது இருபதாம் நூற்றாண்டின் பெரிய கேள்வி. இரண்டாம் உலகப்போரில் அமெரிக்கப் படையினரின் 2,471 நாடிக் காயங்களை ஆராய்ந்து டிபேக்கியும் சிமியோனும் 1946 இல் எழுதினார்கள். பெரிய நாடியைக் கட்டிவிட்டவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் அந்த அவயவத்தை இழந்தனர். கொரியப் போரில் நாடியைக் கட்டாமல் தைத்துச் சீராக்கத் தொடங்கியதும் அந்த விகிதம் 13 வீதம் அளவுக்கு இறங்கியது. தைக்க வேண்டுமானால் நாடிச் சுவர் நசுங்காமல் குருதியை நிறுத்த வேண்டும். அதற்கென்றே நுண்பற்கள் கொண்ட மென்மையான கவ்விகள் பிறந்தன. தட்டில் இரண்டு வகையும் அடுத்தடுத்துக் கிடக்கும். தியேட்டர் தாதி தவறான ஒன்றை நீட்டினால் ஒரு கால் போகலாம். அந்தத் தாதியின் அறிவுக்கு நாம் தரும் மதிப்பு இன்னும் போதாது.

1942, 2009

1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் திருகோணமலைத் துறைமுகத்தையும் சீனன்குடாவையும் தாக்கின. அதே நாளில் மட்டக்களப்புக்கு அப்பால் ஹெர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல் மூழ்கி 307 பேர் இறந்தனர். கடலில் தத்தளித்தவர்களில் சுமார் 600 பேரை வீட்டா என்ற மருத்துவக் கப்பல் தூக்கியெடுத்தது. காயம்பட்டவனிடம் சத்திரசிகிச்சைக் கூடமே மிதந்து வந்த நாள் அது.

உள்நாட்டுப் போரின் கடைசி மாதங்களில், 2009 இல் நடந்தது அதற்கு நேர்மாறு. பெப்ரவரி 10 அன்று வன்னியின் புதுமாத்தளனிலிருந்து 240 நோயாளரையும் காயமுற்றோரையும் சர்வதேச செஞ்சிலுவைக் குழு கடல்வழியே திருகோணமலைக்குக் கொண்டுவந்தது. மே 9 வரை நடந்த பயணங்களில் காயமுற்றோரும் நோயாளரும் உடன்வந்தோருமாக ஏறக்குறைய 14,000 பேர் அப்படி வெளியே கொண்டுவரப்பட்டனர். மார்ச்சில் இந்தியா அனுப்பிய மருத்துவக் குழு இந்த மாவட்டத்தின் வடக்கு எல்லையில் புல்மோட்டையில் கள வைத்தியசாலை அமைத்தது. பின்னர் வந்த கப்பல்கள் அங்கே போயின. வன்னியில் எஞ்சியிருந்த தற்காலிக வைத்தியசாலைகளுக்கு மயக்க மருந்தும் குருதிப் பைகளும் சத்திரசிகிச்சைப் பொருட்களும் போதியளவு போய்ச்சேரவில்லை என்று ஐ.நா. நிபுணர் குழுவின் 2011 அறிக்கை பதிவுசெய்துள்ளது.

மருத்துவ நோக்கில் இதன் பொருளைச் சொல்ல வேண்டியது என் கடமை. நாடி பீறிட்டவர்கள் கப்பல் ஏறும்வரை உயிரோடு இருந்திருக்க மாட்டார்கள். கரையேறியவர்கள் நாட்பட்ட காயத்தோடு, சீழ்ப்பிடித்த புண்ணோடு வந்தவர்கள். அப்படிப்பட்ட புண்ணில் ஒரு வாரம் கழித்து நாடி திடீரென உடைந்து மறுபடி குருதி பெருகுவது போர்க்காய மருத்துவம் நன்கறிந்த ஆபத்து. அழுகிய திசுவில் கவ்வியைப் போட்டால் நாடிச் சுவர் நனைந்த காகிதமாகக் கிழியும். புண்ணுக்கு மேலே, நல்ல சதையில் வேறொரு வெட்டு வைத்து நாடியைத் தேடிக் கட்ட வேண்டும். சில வேளை அவயவத்தையே எடுக்க வேண்டும். முதல் மணித்தியாலத்தில் ஒரு கவ்வியும் ஒரு முடிச்சும் முடித்திருக்கக்கூடிய வேலை, ஒரு காலின் விலைக்கு வந்து நின்றது. இழந்த கால்களோடும் கைகளோடும் வடக்கிலும் கிழக்கிலும் வாழ்வோரைப் பார்க்கும்போது இதை நினைவில் வைத்திருக்க வேண்டும். மருந்துப் பெட்டியைத் தடுப்பதும் ஒரு காயமே.

மகப்பேற்று அறையில்

போர் இல்லாத நாட்களில் கவ்வி அதிகம் காத்தது தாய்மாரை. சிசேரியன் சிகிச்சையில் கருப்பை வெட்டின் விளிம்பைப் பிடித்துக் கசிவை நிறுத்தும் அகன்ற கவ்விக்குக் கிறீன்-ஆர்மிடேஜ் என்று பெயர். அந்தப் பெயருக்குரியவர் கல்கத்தாவின் ஈடன் வைத்தியசாலையில் பணியாற்றிய மகப்பேற்று வைத்தியர். அண்மைக் காலத்தில் கேரளத்தின் வி.பி. பைலி, பிரசவப் பாதை வழியாகவே கருப்பை நாடியைப் பிடிக்கும் கவ்வியையும், வயிற்றுப் பெருநாடியைத் தற்காலிகமாக அடைக்கும் கவ்வியையும் வடிவமைத்தார். வயிற்றை வெட்டாமலே தாயின் குருதிப்பெருக்கைத் தணித்து, பெரிய வைத்தியசாலைக்கு அனுப்ப அவகாசம் தருவது முதல் கவ்வியின் நோக்கம். தூர வைத்தியசாலைகளுக்கு இதைவிடப் பொருத்தமான கண்டுபிடிப்பு அரிது. நம் சுகாதாரத் துறை இதைக் கவனமாகச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து.

தொப்புள்கொடிக் கவ்விக்கு மட்டும் விதி வேறு. அதை அவசரப்பட்டுப் போடாதே, பிறந்து ஒரு நிமிடமாவது பொறு என்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்த நேரத்தில் நஞ்சுக்கொடியில் நிற்கும் குருதி பிள்ளைக்குப் போய்ச்சேர்கிறது, சோகை குறைகிறது.

மூதூரிலிருந்தும் கிண்ணியாவிலிருந்தும் நகருக்கு வரும் தாய்மார் ஒரு காலத்தில் கொட்டியாரக் குடாவைப் படகில் கடக்க வேண்டியிருந்தது, அல்லது ‘பாதை’ எனப்படும் மிதவைப் படகுக்காகக் கரையில் காத்திருக்க வேண்டியிருந்தது. 2009 ஒக்டோபரில் திறக்கப்பட்ட 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலத்தை நான் ஒரு மருத்துவக் கருவியாகவே எண்ணுகிறேன். 2016 இல் இந்திய உதவியோடு மேல், தென் மாகாணங்களில் தொடங்கிப் பிறகு நாடு முழுவதும் விரிந்த 1990 சுவசெரிய அம்புலன்ஸ் சேவையும் அப்படியே.

உப்புக்காற்றும் எஃகும்

இந்தக் கருவிகள் செய்யப்படும் எஃகில் ஏறத்தாழ 13 வீதம் குரோமியம் உண்டு. அது மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத படலமாக நின்று துருவைத் தடுக்கிறது. அந்தப் படலத்துக்கு எதிரி உப்பு. குருதியிலும் உப்பு இருக்கிறது, கடலோர ஊர்க் கிணற்று நீரிலும் இருக்கிறது, சேலைனிலும் இருக்கிறது. சிகிச்சை முடிந்ததும் கவ்விகளைச் சேலைனில் ஊறப்போடுவது மிகப் பரவலான தவறு. உப்பு மூட்டுக்குள் புகுந்து சிறு குழிகளை அரிக்கும், ஒரு நாள் பூட்டு பிடிக்காது. குருதி காய்வதற்குள் கழுவ வேண்டும், கடைசி அலசலுக்கு உப்பு நீக்கிய நீர் வேண்டும், நீராவிக் கலத்தில் வைக்கும்போது பூட்டைத் திறந்து வைக்க வேண்டும். மூடிய மூட்டுக்குள் 134 பாகை நீராவியும் முழுதாகப் போய்ச்சேராது.

பழைய கவ்வி நம்பத்தக்கதா என்று பார்க்க எளிய சோதனை ஒன்று உண்டு. முதல் பல்லில் பூட்டி, பூட்டுப் பக்கத்தை மேசையில் மெல்லத் தட்டுங்கள். தெறித்துத் திறந்தால் அதை ஒதுக்கிவிட வேண்டும். நாடியின் மேல் இருக்கும்போது அது தெறிப்பதைவிட மேசையில் தெறிப்பது மேல்.

மின்சாரத்தால் சுட்டு அடைக்கும் முறையை 1926 இல் குஷிங்கும் போவியும் மூளைச் சிகிச்சைக்குக் கொண்டுவந்தார்கள். இன்று நாடியை உருக்கி ஒட்டும் நவீன கருவிகளும் உண்டு. அவை நல்லவை. ஆனால் அவற்றின் முனைகள் தீர்ந்துபோகும், இறக்குமதி நின்றுபோகும். 2022 இல் இலங்கையில் 13 மணித்தியாலம்வரை மின்வெட்டு இருந்தது. மருந்தும் பொருட்களும் இல்லாமல் பேராதனைப் போதனா வைத்தியசாலை அவசரமற்ற சத்திரசிகிச்சைகளைத் தள்ளிவைத்தது. அந்த நாட்களில் தீராத ஒரே பொருள் எஃகு. மாவட்ட வைத்தியசாலைகளில் எஃகுக் கவ்வியும் நூல் முடிச்சும் கற்பிப்பது எக்காலத்திலும் குறையக்கூடாது.

கரையில், வயலில், வீதியில்

இந்த மாவட்டத்தின் காயங்கள் தனி வகை. வெளியிணைப்பு இயந்திரத்தின் சுழலி, இரவில் வெளிச்சத்தை நோக்கிப் பாய்ந்து கழுத்திலோ தொடையிலோ குத்தும் முரல், திருக்கை முள், சட்டவிரோத டைனமைற் மீன்பிடியில் சிதறும் கைகள், காட்டோரத்தில் கட்டுத்துவக்கு, எங்கும் மோட்டார் சைக்கிள். இவற்றில் எந்தக் காயத்திலும் முதல் பத்து நிமிடத்தில் வைத்தியர் இருக்கப்போவதில்லை. பக்கத்தில் நிற்பவர்தான் இருப்பார்.

அவர் செய்ய வேண்டியது சிக்கலானதல்ல. சுத்தமான துணியை மடித்துக் காயத்தின் மேல் வைத்து, உடல் பாரம் முழுவதையும் கொடுத்து அழுத்த வேண்டும். எட்டிப் பார்க்க எடுக்கக் கூடாது. கையிலோ காலிலோ அழுத்தத்துக்கும் நிற்காமல் பீறிட்டால், காயத்துக்கு நான்கு விரல் மேலே, மூட்டைத் தவிர்த்து, அகன்ற பட்டியைக் குச்சி செருகி முறுக்க வேண்டும். மெல்லிய கயிறு ஆகாது. கட்டிய நேரத்தைக் குறித்து அனுப்ப வேண்டும்; இடையில் தளர்த்தக் கூடாது. குத்தி நிற்கும் முரல் அலகையோ கம்பியையோ பிடுங்கக் கூடாது. அதுவே அந்த நேரத்தில் நாடியை அடைத்து வைத்திருக்கலாம். கோப்பித்தூள், சாம்பல், சுண்ணாம்பு எதுவும் வேண்டாம். இறுக்குப்பட்டி காலை அழிக்கும் என்ற பழைய அச்சம் ஈராக், ஆப்கானிஸ்தான் போர் அனுபவங்களுக்குப் பின் பெரிதும் நீங்கிவிட்டது. இரண்டு மணித்தியாலத்துக்குள் வைத்தியசாலை சேர்ந்தால் அவயவம் பெரும்பாலும் தப்புகிறது. குருதி உறைவைக் காக்கும் டிரனெக்ஸாமிக் அமிலம் உயிர்களைக் காக்கிறது என்று 40 நாடுகளில் 20,000க்கும் மேற்பட்ட நோயாளரிடம் நடந்த ஆய்வு 2010 இல் காட்டியது. அதை 3 மணித்தியாலத்துக்குள் ஏற்ற வேண்டும் என்பது அதே ஆய்வின் 2011 பகுப்பாய்வில் தெளிவானது. அந்த மூன்று மணித்தியாலத்துக்குள் வந்துசேர வைப்பது அருகில் நின்றவரின் கை.

கவ்விக்குப் பின்னால் இருக்க வேண்டியது குருதி. இலங்கையின் தேசிய குருதி மாற்றுச் சேவை முழுவதும் தன்னார்வக் கொடையாளரையே நம்பி நடக்கிறது; காசுக்குக் குருதி வாங்குவதில்லை. 18 வயதுக்கும் 60க்கும் இடைப்பட்ட, உடல்நலமுள்ள எவரும் நான்கு மாதத்துக்கு ஒரு முறை கொடுக்கலாம். கவ்வி நாடியைப் பிடித்திருக்கும் நேரத்தில் பை தொங்காவிட்டால் பிடித்ததால் பயனில்லை.

திருகோணமலையின் மீனவர் சங்கங்களுக்கும் பாடசாலைகளுக்கும் கோயில், பள்ளிவாசல், தேவாலய நிர்வாகங்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு வள்ளத்திலும் ஓர் அகன்ற பட்டியும் ஒரு கட்டுத் துணியும் வையுங்கள். ஆண்டுக்கு ஒரு முறையாவது பொது வைத்தியசாலையிலிருந்தோ செஞ்சிலுவைச் சங்கத்திலிருந்தோ ஒருவரை அழைத்து, அழுத்திப் பிடிப்பதையும் பட்டி முறுக்குவதையும் பிள்ளைகளே தம் கையால் செய்து பழக வையுங்கள். அந்த நாளிலேயே ஒரு குருதிக்கொடை முகாமையும் சேர்த்து நடத்துங்கள்.